அடங்காத பதினொண்ணு

அந்த நாற்காலியில உக்காராதீங்க சார், அதுக்கு ஒரு கால் சரியில்ல. காலையிலேருந்து ரெண்டு பேரு கவுந்துட்டாங்க. இப்படி வாங்க, இந்தப் பையை எடுத்துக்கறேன். என் வீட்டுக்காரம்மாவோட பை. அவ உள்ள இருக்கா. சிடி ஸ்கேன், இதயத்துக்கு. உங்களுக்கு யாரு சார்? அண்ணனா? டோக்கன் எத்தனை, பதினாலா? அப்ப நிறைய நேரம் இருக்கு. எங்களுக்குப் பத்தரைன்னு சொன்னாங்க, இப்ப மணி ஒண்ணு ஆகப் போகுது.

லேட் ஆக்கறாங்கன்னு நான் திட்ட மாட்டேன் சார். எல்லாரும் திட்டறாங்க, பாருங்க, அந்த அம்மா கூட கௌண்டர்ல போயி சண்டை போட்டுட்டு வந்தாங்க. நான் திட்ட மாட்டேன். ஏன் லேட் ஆகுதுன்னு இங்க உக்காந்திருக்கறவங்கள்ல எனக்கு மட்டும் தான் தெரியும். அவளுக்கு இதயம் வேகமா அடிக்குது. அறுபத்தஞ்சுக்குக் கீழ இறங்கணும், அப்பத்தான் படம் தெளிவா வரும். ஒரு மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உக்கார வச்சாங்க. எண்பத்தஞ்சுல நின்னுச்சு. இன்னொண்ணு கொடுத்தாங்க. இப்பத்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க.

நானும் கூட வரேன்னேன். வெளியில இருங்க சார்னு கதவைச் சாத்திட்டாரு அந்த டெக்னீஷியன். நானும் இந்த லைன் தான்ப்பா, முப்பத்திரெண்டு வருஷ சர்வீஸ்னேன். எந்த ஆஸ்பத்திரி சார்னு மரியாதையாத்தான் கேட்டாரு. எலின்னு சொல்ல எனக்கு வாய் வரல.

ஆமா சார், எலி தான். சிரிங்க, பரவாயில்ல. வீட்ல பொறி வச்சுப் பிடிக்கறமே, அது இல்ல. வெள்ளைச் சுண்டெலி. ஒரு ஆராய்ச்சி நிலையம், பேரு வேணாம், அங்க எனக்கு எலிக்கு சிடி ஸ்கேன் எடுக்கற வேலை. மெஷின் நம்ம வீட்டு பீரோ அளவு தான் இருக்கும். என் வீட்டுக்காரம்மா சுலோச்சனாகிட்ட, கல்யாணம் ஆன புதுசுல, எனக்கு லேப்ல வேலைன்னு சொல்லியிருந்தாங்க. இந்த மெஷின் வந்தப்புறம் எலிக்குப் படம் எடுக்கறேன்னு சொன்னேன், ஒரு வாரம் தனியா நினைச்சு நினைச்சுச் சிரிச்சா. எலி சிரிச்சுதாங்க, போஸ் கொடுத்துதாங்கன்னு தினம் கேப்பா.

இருங்க, ஒண்ணு காட்டறேன். போன்ல வச்சிருக்கேன். இதோ. பாருங்க சார். இது ஒரு சுண்டெலியோட இதயம். நிஜத்துல ஒரு பட்டாணி அளவு தான். இந்த ஓரத்தைப் பாருங்க, பென்சில்ல வரைஞ்ச மாதிரி இல்ல? இது சுவரு, இது உள் அறை, இதோ இந்த முடி மாதிரி ஓடுதே, இது இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோற குழாய். இந்த மாதிரி ஒரு படம் எங்க நிலையத்துல அதுக்கு முன்னாடியும் வரல, பின்னாடியும் வரல. டில்லியிலேருந்து வந்த ஒரு விஞ்ஞானி இதைப் பாத்துட்டு எலி செத்ததுக்கு அப்புறம் எடுத்ததான்னு கேட்டாரு. உயிரோட, அடிச்சுக்கிட்டு இருக்கற இதயம் சார்னேன். பதினேழாம் நம்பர் எலி.

ஏன் அது பெரிய விஷயம்னா, சுண்டெலிக்கு மயக்கம் கொடுத்தப்புறமும் நிமிஷத்துக்கு ஐநூறு தடவை அடிக்கும். நீங்க ஒண்ணுன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள எட்டு. அதோட மூச்சு வேற ஏறி இறங்கும். சும்மா படம் எடுத்தா வெறும் பஞ்சு மாதிரி தான் வரும், எங்க சுவரு எங்க அறைன்னே தெரியாது. அதுக்கு என்ன பண்ணுவோம்னா, இப்ப ஒரு குழந்தை ஊஞ்சல் ஆடுது. ஊஞ்சல் அந்தக் கோடிக்குப் போறப்ப மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு போட்டோ எடுக்கறீங்க. எல்லாத்தையும் சேத்து வச்சுப் பாத்தா குழந்தை அசையாம நிக்கற மாதிரி தானே இருக்கும்? அதே தான். எலியோட வயித்துக்கடியில ஒரு பொடி காத்துப்பை, அது மூச்சைச் சொல்லும். நாலு காலுலயும் ஜெல் தடவி ஒயரு, அது துடிப்பைச் சொல்லும். மூச்சு வெளிய போயி, துடிப்பும் சரியான இடத்துக்கு வந்த அந்த ஒரு நொடிக்கு மட்டும் மெஷின் கண்ணைத் திறக்கும். மத்த நேரம் மூடிக்கிட்டுக் காத்திருக்கும். கேட் போடறதுன்னு சொல்லுவோம். 

அந்த கேட் போடறதுல நம்மளை அடிச்சுக்க ஆள் கிடையாது சார். இதை நானா சொல்லல. ஜெல்லை ஏசி ரூம்ல இருந்து எடுத்து அப்படியே தடவினா எலிக் காலு குளுந்துடும், துடிப்பு குறையும். நான் உள்ளங்கையில வச்சுச் சூடு பண்ணித் தான் தடவுவேன். இது எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது.

தண்ணி வேணுமா சார்? அங்க இருக்கறது சுடுதண்ணி தான் வரும், பாத்துப் பிடிங்க.

என்ன சொன்னேன், ஆங், கேட். அதுல ஒரு விஷயம் இருக்கு. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல இடைவெளி எப்பவும் போல இருந்தா திரையில பச்சைக் கோடு வரும், மெஷின் படம் எடுக்கும். துடிப்பு கொஞ்சம் முந்தி வந்தாலோ பிந்தி வந்தாலோ சிவப்புக் கோடு. எடுக்காது. விட்டுட்டு, அடுத்த நல்ல துடிப்புக்குக் காத்திருக்கும். எவ்வளவு முந்தினா பரவாயில்ல, எவ்வளவு பிந்தினா பரவாயில்லங்கறதை நாம தான் வைக்கணும். கம்பெனிக்காரன் பத்து சதவீதம்னு வச்சுக் கொடுத்துட்டுப் போனான். நான் நாலு வச்சேன். நாலு வச்சா நேரம் அதிகமா ஆகும், ஆனா படம் கத்தி மாதிரி வரும். இந்தப் படம் நாலுல எடுத்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஷெரின்னு ஒரு பொண்ணு வந்துச்சு. நாகர்கோவில் பக்கம். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. மூட்டு வலிக்கு ஒரு புது மருந்து, அது இதயத்துக்கு எதாவது கெடுதல் பண்ணுதான்னு பாக்கணும். இருபத்திநாலு எலி. பன்னெண்டுக்கு மருந்து, பன்னெண்டுக்கு வெறும் தண்ணி. எதுக்கு எதுன்னு ஷெரினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஒரு கவர்ல ஒட்டி அவங்க புரொபசர் அலமாரியில பூட்டி வச்சிட்டாரு. தெரிஞ்சா நம்ம மனசு நம்மளை ஏமாத்திடுமாம். வாரா வாரம் எல்லா எலிக்கும் நான் படம் எடுக்கணும், மூணு மாசத்துக்கு.

நல்ல பொண்ணு சார். வேலைக்காரி. ஆனா கேள்வி. ஓயாத கேள்வி. முதல் வாரமே என் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டு, "சார், அந்தச் சிவப்பு என்ன சார்?"னு கேட்டுச்சு. "அதெல்லாம் மெஷினே பாத்துக்கும்மா"ன்னேன். "இல்ல சார், விடற துடிப்பெல்லாம் எங்க போகும்?" எங்கம்மா போகும், போயிடும். நமக்கு வேணாம்னு தானே விடறோம்? அப்புறம் ஒரு நாள் வந்து, "சார், எல்லாத் துடிப்பையும் எடுத்துட்டு அப்புறம் கம்ப்யூட்டர்ல பிரிச்சுக்கலாமே, அந்த மாதிரியும் ஒரு முறை இருக்காமே"ங்குது. இருக்கு. எனக்குத் தெரியாதா? மொத்தத்தையும் எடுத்துட்டு வந்து அப்புறம் உக்காந்து பொறுக்கறது. எலிக்குக் கதிர் ரெண்டு மடங்கு போகும், படமும் அவ்வளவு சுத்தமா வராது. அரிசியை மண்ணோட அள்ளிட்டு வந்து வீட்ல வச்சுப் புடைக்கற வேலை. "என் மெஷின்ல அது வேணாம்மா"ன்னுட்டேன். சரி சார்னு போயிடுச்சு. எங்கிட்ட மரியாதையாத்தான் இருக்கும்.

மூணாவது வாரத்துலேருந்து சில எலிங்க அடம் பிடிக்க ஆரம்பிச்சுது. இருபது நிமிஷத்துல முடியற ஸ்கேன் முப்பது ஆகும், நாப்பது ஆகும். திரையில சிவப்பு சிவப்பா வரும். நான் ஜெல் சரியில்லன்னு நினைச்சேன். ஸ்டோர்ல ஏதோ புது கம்பெனி ஜெல் வாங்கியிருந்தாங்க, தண்ணியா இருந்துச்சு. எழுதிக் கூடக் கொடுத்தேன் சார், ரெண்டு தடவை, ஜெல்லை மாத்துங்கன்னு. மாத்தியும் கொடுத்தாங்க. அப்படியும் அடம். சரி, சில ஜென்மம் அப்படித்தான். எல்லாரும் அடங்கிப் படுத்தா உலகத்துல டெக்னீஷியனே வேணாமே. நான் காத்திருந்தேன். பொறுமையா, ஒரு நல்ல துடிப்பு வர்ற வரைக்கும், அப்புறம் அடுத்த நல்ல துடிப்புக்கு. படம் எல்லாம் முத்து முத்தா வந்துச்சு.

இந்த அடம் பிடிக்கறதால என் சாப்பாட்டு நேரம் கெட்டுப் போச்சு. எனக்கு ஒண்ணரைக்குச் சாப்பிட்டாகணும், சுகர் மாத்திரை போடறேன். அதனால ஒரு சீட்டு எழுதி மெஷின் ஓரத்துல ஒட்டி வச்சேன். அடங்கினதுன்னு ஒரு வரிசை, அடங்காததுன்னு ஒரு வரிசை. அடங்கின எலிங்களைக் காலையில மளமளன்னு முடிச்சிடறது. அடங்காததை மூணு மணிக்கு மேல ஆற அமர எடுக்கறது. வாரா வாரம் சரி பாத்து நம்பரை மாத்தி எழுதுவேன். கடைசியில அடங்காதது பதினொண்ணுல வந்து நின்னுச்சு. 

பதினேழு அந்தப் பதினொண்ணுல ஒண்ணு. ஒன்பதாவது வாரம் அதை எடுத்தப்ப எழுவது நிமிஷம் ஆச்சு. ஆறு துடிப்புக்கு ஒண்ணு தான் பச்சை. வேற யாரா இருந்தாலும் நிறுத்திட்டு எழுந்து போயிருப்பாங்க. நான் அசையல. அந்தப் படம் தான் இப்ப நீங்க பாத்தது. ஷெரினைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதுக்குக் கண்ணே கலங்கிடுச்சு, "சூப்பர் சார், சுவரு எவ்வளவு நல்லா இருக்கு, ஒண்ணுமே ஆகல பாருங்க"ன்னுச்சு. புரொபசர் பெருசா பிரிண்ட் போட்டு வாசல்ல மாட்டச் சொன்னாரு.

மறுநாள் காலையில பதினேழு கூண்டுல செத்துக் கிடந்துச்சு.

மயக்கம் அதிகமாயிடுச்சோன்னு முதல்ல எல்லாருக்கும் ஒரு சந்தேகம். என்னைத் தான் பாத்தாங்க. ஆனா அடுத்த வாரம் ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடியே ரெண்டு செத்துச்சு, அதுக்கு அடுத்த வாரம் மூணு. படத்தைப் பாத்தா ஒரு குறை சொல்ல முடியாது. சுவரு சரியா இருக்கு, அறை சரியா இருக்கு, பம்ப் பண்ற அளவு சரியா இருக்கு. இதயம் நல்லாத்தான் இருக்குன்னு புரொபசர் சொல்றாரு. எலி செத்துக்கிட்டு இருக்கு. அந்தப் பொண்ணு சாப்பிடறதையே விட்டுடுச்சு. ஒரு நாள் சாயங்காலம் என் ரூமுக்கு வந்து மெஷினையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்பத்தான் அந்தச் சீட்டு அது கண்ணுல பட்டுச்சு.

"இது என்ன சார், அடங்காததுன்னு?"

எனக்குச் சிரிப்பு. சாப்பாட்டுக் கதையைச் சொன்னேன். அது சிரிக்கல. "இதை எடுத்துக்கட்டுமா சார்?"னு கேட்டுச்சு. எடுத்துக்கம்மா, மனப்பாடமாத் தெரியும் எனக்குன்னேன். நேரா புரொபசர் கிட்டப் போயிருக்கு. அலமாரியைத் திறந்து கவரைப் பிரிச்சுப் பாத்திருக்காங்க. என் சீட்டுல இருந்த பதினொண்ணும் மருந்து சாப்பிட்ட எலி. ஒண்ணு கூடத் தப்பல.

அந்த மருந்து இதயத்தோட உடம்பைத் தொடல சார். தாளத்தைக் கெடுத்திருக்கு. விட்டு விட்டு அடிக்கறது, முந்தி அடிக்கறது. அது எல்லாம் சிவப்புக் கோடு. சிவப்பை மெஷின் எடுக்கல. கெட்டுப் போன துடிப்பை எல்லாம் நான் கூட்டித் தள்ளிட்டு, மிச்சம் இருந்த நல்லதை மட்டும் பொறுக்கி வச்சு ஒண்ணும் ஆகலன்னு படம் போட்டுக் கொடுத்திருக்கேன். அப்படின்னு அவங்க சொல்றாங்க.

நான் என்ன சார் பண்ணுவேன்? படம் தெளிவா வேணும்னாங்க, தெளிவாக் கொடுத்தேன். துடிப்பு எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுன்னு எனக்கு யாராவது எழுதிக் கொடுத்தாங்களா? விசாரணையில கேட்டாங்க, "மூணாவது வாரமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே, ஏன் சொல்லல?" யாரும் கேக்கலன்னேன். "ஷெரின் கேட்டாங்களே, சிவப்பு என்னன்னு?" ஜெல்லை மாத்தச் சொல்லி ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேனே, அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

பாவம் அந்தப் பொண்ணு. எலி ஒதுக்கற கமிட்டி இன்னொரு இருபத்திநாலு கொடுக்க மாட்டேன்னுட்டாங்க. ரெண்டு வருஷ வேலை. மருந்து கெடுதல்னு தெரியும், ஆனா கெடுதல் நடந்தப்ப எடுத்த துடிப்பு எதுவும் கையில இல்ல. மெஷின் சிவப்பைச் சேமிச்சு வைக்கறதில்ல, எத்தனை சிவப்புங்கற கணக்கைக் கூட வைக்கறதில்ல. இருந்த ஒரே அத்தாட்சி என் சாப்பாட்டுச் சீட்டு. அதை ஆராய்ச்சின்னு யாரு ஏத்துக்குவாங்க? ஊருக்குப் போறப்ப எங்கிட்ட வந்து சொல்லிட்டுத் தான் போச்சு. "நீங்க வேணும்னு பண்ணல சார், எனக்குத் தெரியும்"னுச்சு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. வேணும்னு பண்ணலன்னா என்ன அர்த்தம், பண்ணினேன்னு தானே? நான் எதுவும் பண்ணலம்மான்னேன். 

என்னை ஸ்டோருக்கு மாத்திட்டாங்க. அந்த ஜெல் டப்பாவை எல்லாம் இப்ப நான் தான் எண்ணி அடுக்கறேன்.

ஏதாவது சத்தம் கேட்டுச்சா சார்? இல்ல, பக்கத்து ரூம். மனுஷங்களுக்கு இவ்வளவு நேரம் ஆகாது. உள்ள படுக்க வச்சு, ஒயரு மாட்டி, மூச்சைப் பிடிங்கன்னு சொல்லி, பத்துப் பன்னெண்டு துடிப்புல முடிஞ்சிடும். எலிகிட்ட மூச்சைப் பிடின்னு சொல்ல முடியாது. சுலோ பிடிச்சிடுவா. சொன்னா சொன்னபடி செய்யறவ.

அவளுக்கு என்னன்னு கேக்கறீங்களா? ஒண்ணும் பெருசா இருக்காது சார். போன ஆயுத பூஜை சமயத்துல ஆரம்பிச்சுது. அடுப்படியிலேருந்து வந்து, "ஏங்க, நெஞ்சுக்குள்ள மீன் துள்ற மாதிரி இருக்குங்க"ன்னா. எனக்கு இது புதுசா? ஐநூறு துடிப்பைப் பாத்தவன் நான். உக்காரு, தண்ணி குடி, மூச்சை மெதுவா விடுன்னேன். ஒரு பத்து நிமிஷம். நல்லா அடங்கினப்புறம் கையைப் பிடிச்சு எண்ணினேன். எழுவத்திரெண்டு. கடிகாரம் மாதிரி. "பாரு, ஒண்ணுமில்ல"ன்னேன். எந்திரிச்சுப் போயி வேலையைப் பாத்தா.

அதுக்கப்புறமும் வந்து வந்து சொல்லுவா. நானும் சளைக்காம உக்கார வச்சு எண்ணுவேன். வெறும் வாயால ஒண்ணுமில்லன்னு சொல்ற ஆம்பளை இல்ல சார் நான். அவ படபடன்னு வர்றப்ப எண்ணினா அது சரியா வராது, கையெல்லாம் நடுங்கும், அவளும் பேசிக்கிட்டே இருப்பா. அடங்கினப்புறம் தான் எண்ணுவேன். ஒவ்வொரு தடவையும் எழுவது, எழுவத்திரெண்டு, எழுவத்தொண்ணு. கடைசியில அவளுக்கே பழகிப் போச்சு. என்ன சுலோன்னா, "இருங்க, அடங்கட்டும், அப்புறம் வந்து கையைக் கொடுக்கறேன்"பா. அப்புறம் சொல்றதையே விட்டுட்டா. சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்.

போன வெள்ளிக்கிழமை மாவு மில் வாசல்ல விழுந்துட்டா. தூக்குச்சட்டி ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். மில்லுக்காரர் தான் ஆட்டோவுல ஏத்திக் கூட்டிட்டு வந்தாரு. இங்க கொண்டு வந்து ஈசிஜி எடுத்தா, ஒண்ணுமில்ல. டாக்டர் நல்லவரு, பொறுமையாத்தான் கேட்டாரு. "ஏம்மா, துடிப்பு எப்பவாவது விட்டு விட்டு வர்ற மாதிரி இருந்திருக்கா?" அவ வாயைத் திறந்தா சார். நான் பாத்தேன், சொல்ல வாயைத் திறந்தா. அதுக்குள்ள நான் சொல்லிட்டேன். "இல்ல டாக்டர், நானே பல தடவை எண்ணிப் பாத்திருக்கேன். கடிகாரம் மாதிரி இருக்கும். நான் இந்த லைன்ல தான் இருக்கேன்." அவரு என்னைப் பாத்தாரு, நோட்டுல எழுதிக்கிட்டாரு. அப்படின்னா குழாய்ல எங்கயாவது அடைப்பு இருக்கான்னு ஒரு சிடி பாத்துடலாம்னாரு. விட்டு விட்டுத் துடிக்குதுன்னு சொல்லியிருந்தா நெஞ்சுல ஒரு சின்னப் பொட்டி மாதிரி கட்டி அனுப்புவாங்க சார், ரெண்டு நாளைக்கு. தூங்கறப்ப, சமைக்கறப்ப, மில்லுக்குப் போறப்ப, எல்லாத் துடிப்பையும் எடுக்கும். ஒண்ணையும் விடாது.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க?

இல்ல, நான் பொய் சொல்லல. எண்ணினது எண்ணினது தான். எழுவத்திரெண்டு தான் இருந்துச்சு. நீங்க இருந்து எண்ணியிருந்தாலும்... 

இருங்க, கதவு திறக்குது.

முடிஞ்சுதாப்பா? ஆங்? அருமையா வந்திருக்கா? அசைவே இல்லையா. சரிப்பா. சரி. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் நில்லுப்பா. எத்தனை துடிப்பை விட்டுச்சு? இல்ல, உன் திரையில வந்திருக்கும், ஏதாவது ஒண்ணு முந்தி வந்துச்சா, மெஷின் விட்டுட்டு மறுபடி எடுத்துச்சா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லேன். ரிப்போர்ட்ல அது வராதுப்பா, எனக்குத் தெரியும், அது எங்கயும் வராது, நீ கண்ணால பாத்திருந்தா தான் உண்டு. இந்தாப்பா...

போயிட்டாரு. என்ன சொல்லிட்டுப் போறாரு, காதுல விழுந்துச்சா சார்? "அதெல்லாம் மெஷினே பாத்துக்கும் சார்." மரியாதையாத்தான் சொல்றாரு. தப்பாச் சொல்லல.

வா சுலோ. மெதுவா. அந்த நாற்காலி வேணாம், இங்க உக்காரு. சாரு டோக்கன் பதினாலு, இவங்க அண்ணனுக்கு. கையைக் கொடு. கொடு சுலோ, இப்பவே. அடங்கட்டும்னு சொல்லாத, அடங்க வேணாம், இப்பவே கொடு. சார், உங்க கடிகாரத்துல செகண்ட் முள்ளு இருக்குல்ல? அரை நிமிஷம் பாத்துச் சொல்லுங்க.

இருபத்தொன்பது. அப்ப அம்பத்தெட்டு. ஒண்ணு கூட முந்தல, ஒண்ணு கூடப் பிந்தல. ரெண்டு மாத்திரை உள்ள போயிருக்கு சார், வேற எப்படி இருக்கும்? நான் தொடறது மாத்திரையைத் தான். இவளை எங்க தொடறேன்?

சுலோ, இங்க பாரு. ரெண்டு மணிக்கு டாக்டர் வருவாரு. அவருகிட்ட நீ சொல்லணும். மீன் துள்றதைச் சொல்லு. எப்ப வரும், எவ்வளவு நேரம் இருக்கும், கண்ணு இருட்டுமா, எல்லாம் சொல்லு. நான் சொல்லலாம், ஆனா எனக்கு என்ன தெரியும்? நான் ஒரு நாளும் கேட்டு வச்சுக்கலயே. நாலு மாசமா எனக்குத் தெரிஞ்சது எழுவத்திரெண்டு மட்டும் தான். நீ சொன்னா அந்தப் பொட்டியைக் கட்டுவாங்க. நான் நடுவுல பேச மாட்டேன். வெளியிலயே நிக்கறேன்.

என்ன?

என்ன சுலோ சொல்ற?

கேட்டீங்களா சார் இவ பேசறதை? படம் தான் அருமையா வந்திருக்காமே, அப்புறம் டாக்டரை எதுக்குத் தொந்தரவு பண்ணணுங்கறா. அதெல்லாம் வெறும் மனப்பிராந்தியாம், வயசானா அப்படித் தான் இருக்குமாம். நீங்க தான் ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பாத்தீங்களே, ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களேங்கறா. என்னைப் பாத்துச் சிரிக்கறா சார், எலிக்குப் போஸ் கொடுக்கத் தெரியுமான்னு கேப்பாளே, அந்தச் சிரிப்பு. 

நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார். மூணாம் மனுஷர் சொன்னா கேப்பா. முப்பது வருஷமா நான் எது சொன்னாலும் நம்பினவ இவ. அப்ப எண்ணினது தப்பு சுலோன்னு இப்ப சொல்றேன், இது ஒண்ணை மட்டும் நம்ப மாட்டேங்கறா.